ஆளுக்கொரு முழம்

எங்கள் பிளாக்கில் சுவர்கள் நகர ஆரம்பித்தது தண்ணீர் லாரி வராமல் போன வாரத்தில் என்பதால் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாதவனிடம் போய் உன் வீட்டுச் சுவர் ஒரு முழம் தள்ளி நிற்கிறது என்றால் அவன் என்ன சொல்வான், நிற்கட்டும் என்பான், நாங்களும் அப்படித்தான் சொன்னோம். லாரி வந்து, டிரம்கள் நிரம்பி, பெண்கள் தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்த பிறகுதான் யார் வீட்டுச் சுவர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்ற பேச்சே வந்தது.

கால்வாய்க் கரையிலிருந்து எங்களைச் சட்டிபானையோடு ஏற்றிவந்து இங்கே இறக்கியபோது எல்லா வீடும் ஒரே அளவாக இருந்தது, ஒரு அறை, ஒரு அடுப்பு மேடை, பின்னால் ஒரு சன்னல், இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் அதுதான், ஒன்பது பேர் இருக்கும் வீட்டுக்கும் அதுதான். இதற்கு வரைபடம் போட்டவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார், ஆனால் புதுசாகக் கல்யாணமான மகனும் மருமகளும் ஒரு மூலையில் படுக்க, மாமனார் இன்னொரு மூலையில் விடிய விடிய இருமிக்கொண்டிருக்கும் வீட்டில் அவர் ஒருநாளும் படுத்திருக்க மாட்டார். அவர் பார்க்காததைச் சுவர் பார்த்தது. ஆள் கூடிய வீட்டுக்குக் கொடுத்தது, ஆள் குறைந்த வீட்டிலிருந்து எடுத்தது, ஆளுக்கு ஒரு முழம் என்று கணக்கு வைத்து, யார் எந்த இடத்தில் படுப்பாரோ அந்த இடத்துக்கு நேராகவே உள்ளே வந்தது அல்லது வெளியே போனது. நேராக இருந்த சுவர்களெல்லாம் இப்படிப் பல் உடைந்த சீப்பு மாதிரி ஆயின. லாரி வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் எல்லோரும் அதற்காகக் கீழே போய் நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் அது நகரும், நகர்வதை யாரும் கண்ணால் கண்டதில்லை, ஏறி வரும்போது நகர்ந்திருக்கும்.

அதிகாரிகள் வந்தார்கள். நாடாவைப் பிடித்து அளந்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஒருவர் காதை வைத்துக் கேட்டார். கட்டடம் ஒழுங்காக இருக்கிறது, நாடாதான் பழசு என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்கள். அவர்கள் போனபிறகு நாங்கள் சுவர் விட்ட இடத்தில் பாயைப் போட்டு அதோடு வாழப் பழகிக்கொண்டோம்.

சுவர் எதை வைத்து ஆளை எண்ணுகிறது என்பதில்தான் பிளாக்கில் பல நாள் சண்டை நடந்தது. ரேஷன் கார்டில் பேர் இருந்தால் போதும் என்று சிலர் ஊரில் இருக்கும் கொழுந்தன் பேரையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள், ஒரு விரற்கடைகூட நகரவில்லை. தினமும் வந்து இரண்டு வேளை சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு பிளம்பரின் இடத்தை ஒருநாள் சுவர் எடுத்துக்கொண்டது, அவன் பெண்டாட்டி அவன் லுங்கிகளை மடித்துப் பையில் போட்டு, பஸ் ஏறிப் போய், அவன் வைத்திருந்த அந்த இன்னொரு வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். கட்டிக்கொடுத்த பெண்களின் இடம் உடனே போகாது, சில பெண்களுக்கு வருஷக் கணக்கில் போகாது. அதனால் பெண் எடுத்த சம்பந்தி வீட்டார் ஆடிச் சீர், தீபாவளிச் சீர் என்று எதையாவது சாக்கு வைத்து வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டே சுவரை முழம் போட்டுப் பார்ப்பார்கள், இடம் அப்படியே இருந்தால் முகம் சுண்டிப்போகும். சங்கத் தலைவர் திருவேங்கடம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் பஸ்ஸை வைத்துத்தான் அவருக்கு யோசிக்க வரும். அவர்தான் சண்டையை முடித்துவைத்தார்.

"கையில டிக்கெட் இருந்தா மட்டும் போதுமா? ஏறி உக்காந்தாத்தான் சீட்டு. மனசு எங்க குந்தியிருக்குதோ அங்கதான் சொவரு எடம் குடுக்கும்" என்றார்.

அது சரியாகத்தான் இருந்தது. மாடியின் மொத்த அளவு மட்டும் என்றைக்கும் கூடுவதில்லை. ஒரு வீட்டில் ஒரு முழம் வந்தால் பக்கத்து வீட்டில் ஒரு முழம் போகவேண்டும். இதையும் நாங்கள் ஏற்றுக்கொண்டோம், யாராவது பிள்ளையாண்டிருக்கிறாள் என்றால் பக்கத்து வீட்டுக்காரி வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ப் பாத்திரங்களை ஒதுக்கி வைப்பாள்.

எதிர் வீட்டுக் கோமளாவுக்கு நடந்தது இப்படிப்பட்ட காலத்தில்தான். புருஷன் விட்டுப் போய்ப் பல வருஷம், ஒரே மகன் லோகு. கோமளா கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், லோகு சாப்பாடு டெலிவரிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவள் அடுப்பு மேடை ஓரம் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிப் படுப்பாள், விடிகாலையில் எழுந்து சமைக்க வசதி, அவன் சன்னலோரம் அதே சுவரை ஒட்டிப் படுப்பான், சிக்னல் அங்கேதான் கிடைக்கும். மழைநாள் ஒன்றில் மேம்பாலத்து இறக்கத்தில் அவன் வண்டி சறுக்கிவிட்டது. லோகு அந்த இடத்திலேயே போய்விட்டான்.

கோமளா அழவில்லை. எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை, வந்தவர்களுக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தாள், செருப்பை ஒழுங்காக விடச் சொன்னாள், மறுநாள் சீருடைப் புடவையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று கீழ்மாடியில் பேசினார்கள். நெஞ்சு கல்லாகவும் இல்லை ஒன்றுமாகவும் இல்லை, மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என்று அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அப்போது அவள் பக்கத்து வீட்டு ஷகிலா நிறைமாதம். ஷகிலா, ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் அன்சாரி, காது கேட்காத மாமியார், இரண்டு பையன்கள் என்று கால் வைக்க இடமில்லாத வீடு. பிறக்கிற பிள்ளைக்கு ஒரு முழம் வேண்டும், அது லோகுவின் முழமாகத்தான் இருக்கும் என்று பிளாக்குக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஷகிலாதான் பாவம், கோமளாவைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வந்து இறங்கிய அன்று லாரியும் வந்தது, எல்லோரும் கீழே போனோம், ஏறி வந்தோம். ஷகிலா வீட்டில் ஒரு முழம் கூடியிருந்தது. கோமளாவிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வராந்தாவிலேயே நின்று யோசித்துவிட்டு நாங்கள் நாலைந்து பெண்கள் அவள் வீட்டுக்குள் போனோம்.

சன்னலோரத்தில் லோகுவின் இடம் அப்படியே இருந்தது. சன்னல் முழுசாக இருந்தது, அவன் ஹெல்மெட் மாட்டும் ஆணியும் இருந்தது. அடுப்பு மேடை ஓரத்தில்தான் சுவர் புடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றது. கோமளா படுக்கும் இடத்தைத்தான் அது எடுத்துக்கொண்டிருந்தது.

செத்தவனுக்கு இடம் விட்டு உயிரோடு இருப்பவளின் இடத்தை எடுத்த சுவரை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. கோமளா அதைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து அறை நடுவில் பீரோவுக்கும் டிரம்முக்கும் இடையில் போட்டுக்கொண்டாள். அங்கே காலை நீட்ட முடியாது. சன்னலோரம் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம், அவள் அங்கே படுக்கவில்லை.

இதற்கு ஒரு வழி செய்யாமல் விடுவதில்லை என்று பெண்களெல்லாம் கிளம்பினோம். எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். லாரி வரிசையில் குடத்தை வைத்துவிட்டால் ஆள் வைத்த மாதிரி. குடத்துக்காரி பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருக்கலாம், சீரியல் பார்த்துக்கொண்டிருக்கலாம், குடம் நிற்கிற வரைக்கும் அவள் இடம் அவளுடையது, அதைக் காலால் நகர்த்தியவளுக்கு இந்த பிளாக்கில் பிறகு யாரும் பச்சைத்தண்ணீர் தரமாட்டார்கள். அந்த நியாயத்தைச் சுவர் மட்டும் மீறிவிடுமா என்று கோமளாவின் பச்சைக் குடத்தைக் கொண்டுபோய் அந்தப் புடைப்பின் அடியில் வைத்து, இடம் போட்டாச்சு, எல்லாரும் சாட்சி என்று சொல்லிவிட்டு வந்தோம். லாரி வந்தது, போனது, மறுபடி வந்தது. சுவர் குடத்தைத் தள்ளவும் இல்லை, மதிக்கவும் இல்லை. மனிதர்கள் வரிசையில் நின்று பழகிய மரியாதை அதற்கு எப்படித் தெரியும், அதற்கு வேறு கணக்கு என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவே இல்லை.

கோமளாவே குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"வேணாம் சரசக்கா. இத்த எடுத்துனு போ."

"ஏண்டி, உன் எடம் உனக்கு வேணாமா?"

"நான் அங்க வந்துட்டா அந்தப் புள்ளைக்கு எடம் எங்கேர்ந்து வரும்? சன்னலாண்டேர்ந்துதான வரும்? இருக்கறது ஒரு முழம். அவன் இருக்கட்டும்."

"அவன் இல்லடி கோமளா" என்று சொல்ல வாயெடுத்தவள் குடத்தைத்தான் இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்.

"நான் சாவணும்னு சொல்லல. பயப்படாத. இங்க இருக்க வேணாம், அவ்ளோதான்" என்றாள்.

அப்படியே செய்தாள். மனசை எங்கேயும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டாள், எதையும் ருசித்துத் தின்னமாட்டாள், யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள், டிவி ஓடும் வீட்டு வாசலைக் கடக்கும்போது குனிந்துகொண்டு போவாள். பூக்காரி கொசுறு கொடுத்தால் வாங்கமாட்டாள். ஷகிலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் இவள் உள்ளே போய்விடுவாள். ஷகிலா ஒவ்வொரு முறையும் லாரி வரிசையில் கோமளாவின் குடத்தையும் சேர்த்து வைத்து, நிரப்பி, தூக்கி வந்து அவள் வாசலில் இறக்கிவிட்டுப் போவாள், அதற்கும் இவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். எனக்குக் கோமளாமேல் கோபமாக வந்தது. அவள் மகன்மேலும் கோபம் வந்தது, செத்தவன்மேல் கோபப்படலாமா என்று கேட்டால் படலாம், எனக்கு வந்தது.

கடைசியில் திருவேங்கடம் தானே இறங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, விபூதி வைத்து, பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார், தொப்பைக்கு நேரே பொத்தான் பூட்டவில்லை. மாடியே கோமளாவின் வாசலில் கூடியது. கோமளா பீரோவின் மேல் சாய்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் புடைத்து நின்ற சுவருக்கு முன்னால் போய், பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் அடிப்பதுபோல் உள்ளங்கையால் இரண்டு அடி அடித்தார்.

"ஏம்ப்பா, உள்ள போ, உள்ள போ! நடுவுல அவ்ளோ எடம் காலியாக் கெடக்குது, படியிலயே நின்னுனு இருந்தா எப்படி? லேடீஸ் ஏறணும்ல? வழி விடு, வழி விடு!"

சுவர் சும்மா இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, கன்னம் உப்ப, முழு மூச்சையும் விட்டு ஊதினார்.

ஊதி முடித்த மறுநொடி சுவருக்கு அந்தப் பக்கம் ஷகிலாவின் மாமியார் தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுந்தது எங்களுக்குக் கேட்டது. எத்தனை கத்தினாலும் காது கேட்காத அந்த அம்மாவுக்கு விசில் மட்டும் கேட்டிருக்கிறது.

"யோவ் நிறுத்துய்யா! எறங்கணும், எறங்கணும்! சைதாப்பேட்ட வந்துடுச்சு, பையி கீழ கீது!"

திருவேங்கடம் பழக்கதோஷத்தில் மறுபடியும் விசிலை வாயில் வைத்து, நிறுத்துவதற்கு ஊதும் ஒற்றை விசிலை ஊதிவிட்டார்.

கோமளா சிரித்துவிட்டாள். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, வாயைப் பொத்தினாள், பொத்தப் பொத்த வயிறு குலுங்கியது, பீரோவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அவள் சிரிக்கிறாள் என்பதைப் பார்த்து நாங்களும் சேர்ந்து சிரித்தோம். பிறகு அவள் கண் சன்னல் பக்கம் போனது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. நடுத்தெருவில் பிள்ளையின் கையை விட்டுவிட்டவள் மாதிரி நின்றாள்.

கீழே லாரி ஹாரன் அடித்தது. எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"நீயும் வா" என்றேன்.

"நான் வரல. நான் இங்க இருந்தா அது நகராது" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் லோகுவின் இடத்தில் சுவருக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொண்டாள். அவன் போனபிறகு அந்த இடத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை.

அதற்கப்புறம் நடந்தது அவளே சொன்னதுதான். மாடியில் யாரும் இல்லை, முதுகுக்குப் பின்னால் சுவர் அசையவில்லை, அவளும் அசையவில்லை. அப்போது ஷகிலா வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது. கிழவி மறுபடி தூங்கியிருப்பாள், காதும் கேட்காது. அழட்டும், பசியாக இருக்கும், அம்மா வந்துவிடுவாள் என்று இருந்தாள். அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு விக்கி விக்கி, மூச்சு அடைத்து, சத்தமே இல்லாமல் நின்று, மறுபடி வந்தது. எழுந்தால் லோகுவின் இடம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுந்தேன் என்று என்னிடம் சொன்னாள், இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லவேண்டும் என்றும் சொன்னாள்.

போய்த் தூளியிலிருந்து குழந்தையை எடுத்தாள். அது புரையேறி முகம் கறுத்துப்போயிருந்தது, தோளில் போட்டு முதுகைத் தட்டினாள், கக்கியது, மூச்சு விட்டது. தட்டிக்கொண்டே திரும்பியவள் ஷகிலா வீட்டுச் சன்னலோரத்தில் இன்னொரு சன்னலின் பாதியைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் ஹெல்மெட் மாட்டும் ஆணி இருந்தது.

நாங்கள் குடங்களோடு படியேறும்போதே சத்தம் கேட்டது. அது கோமளாவின் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை, அப்படி ஒரு குரலை நாங்கள் கேட்டதில்லை. லோகு, லோகு என்று அவள் போட்ட கூச்சலில் கீழ்மாடிக்காரர்களும் மேல்மாடிக்காரர்களும் வந்துவிட்டார்கள். கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கோமளாவின் வீட்டை எட்டிப் பார்த்தேன், அடுப்பு மேடை ஓரம் அவள் இடம் திரும்ப வந்திருந்தது, முழுசாக, காலை நீட்டிப் படுக்கலாம் போல. திருவேங்கடம் அதைப் பார்த்துவிட்டு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓசைப்படாமல் இறங்கிப் போய்விட்டார். தன் விசிலால்தான் வந்தது என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஷகிலா குடத்தை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். குழந்தை கோமளாவின் தோளில் கண்ணை விரித்து அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் கேக்கலக்கா. அல்லா மேல ஆணை, மனசால கூட நான் கேக்கல. அந்த எடத்துல யாரையும் படுக்க வைக்கமாட்டேன். அது லோகு எடம். அப்படியே கெடக்கட்டும்க்கா."

கோமளா குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி அழுதாள். பிறகு சன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"சும்மா எதுக்குக் கெடக்கணும். புள்ளையப் படுக்க வை. ஆனா தலைய அந்தப் பக்கம் வைக்காத. மழ வந்தா சாரல் அடிக்கும். எம்புள்ள சின்னதுல ராத்திரி பூரா இருமுவான்."

ஷகிலா கையை நீட்டினாள். கோமளா குழந்தையைக் கொடுக்கவில்லை. தானே மண்டி போட்டு, முந்தானையை உதறித் தரையில் விரித்து, கால் சன்னல் பக்கம் இருக்கும்படி அதைப் படுக்க வைத்தாள்.